பேஸ் கிடாரும் பச்சை ஒயரும்

(பழைய மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் அண்ணன் போன வாரம் போன் போட்டு, "மாணவர்களுக்குப் பிரயோஜனமா ஏதாவது பேசுப்பா, ஆனா தூங்க வச்சிராதே" என்றார். இரண்டையும் சேர்த்துச் செய்வது சிரமம். அதனால்தான் துணைக்கு இதைத் தூக்கி வந்திருக்கிறேன். மேசை மேல் கிடக்கிறதே, கதவுக் கட்டைக்கு நாலு கம்பி கட்டியது மாதிரி ஒரு சாமான், இது ஒரு பேஸ் கிடார். 2011-ல் நாங்கள் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது ஹாஸ்டல் அறையில் செய்தது. அழகாக இல்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் வகுப்பில் நாலு வருஷம் கற்றதைவிட இந்தக் கட்டையிடம் நான் கற்றது அதிகம். பேராசிரியர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. நீங்கள் சொல்லித் தந்தது உண்மைதானா என்று இதில்தான் சோதித்துப் பார்த்தேன்.

பேஸ் கிடாரை இந்த ஊர்க்காரர்களுக்கு நான் அறிமுகம் செய்யத் தேவையில்லை. பொட்டிபுரத்திலிருந்து தேவாரம் தாண்டி சைக்கிள் மிதிக்கிற தூரத்தில் இருக்கிறது பண்ணைப்புரம். 1943-ல் அங்கே பிறந்த இளையராஜா 1976-ல் 'அன்னக்கிளி' மூலம் சினிமாவுக்கு வந்தார். அவருடைய பாட்டுகளில் அடியில் ஒரு தனிப் பாட்டு ஓடும். பாடகர் ஒரு வழியில் போனால் அது வேறொரு வழியில் போய், சரியான இடத்தில் வந்து சேர்ந்துகொள்ளும். அதுதான் பேஸ் கிடார். அவருக்கு வாசித்த சசிதரனும், பின்னால் ஏ.ஆர். ரகுமானுக்கு வாசித்த கீத் பீட்டர்ஸும் திரையில் முகம் காட்டாதவர்கள். ஆனால் அவர்கள் விரல் நம் எல்லோர் காதிலும் இருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை. அந்தப் பேஸ் நம் ஊர் டீக்கடையில் உண்மையில் ஒலிக்கவே இல்லை! பேஸ் கிடாரின் நாலு தந்திகளும் நொடிக்கு 41, 55, 73, 98 தடவை அதிரும். டீக்கடை ரேடியோவின் சின்ன ஸ்பீக்கரால் 41 ஹெர்ட்ஸைத் தள்ள முடியாது. திருவிழாவில் பனைமரத்தில் கட்டும் குழாய் ஸ்பீக்கர் இன்னும் மோசம். 200, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதில் அநேகமாக ஒன்றுமே வராது. அப்புறம் எப்படி நமக்குப் பேஸ் கேட்டது? ஒரு தந்தி 41 தடவை அதிரும்போதே அதன் மடங்குகளான 82, 123, 164, 205 என்று மேலேயும் சேர்ந்து அதிர்கிறது. மேல் மடங்குகள் காதில் விழுந்தால் போதும், கீழே 41 இருந்திருக்க வேண்டும் என்று மூளை தானே கணக்குப் போட்டு நிரப்பிக்கொள்கிறது. வராத சத்தத்தைத்தான் நாம் அத்தனை வருஷம் ரசித்திருக்கிறோம். இந்த விஷயம் எங்களுக்குப் பின்னால் பெரிய உதவி செய்தது.

ஆசை வந்துவிட்டது, காசு இல்லை. எங்கள் அறையில் நாலு பேர். ஒருவன் பாடுவான், ஒருவன் கீபோர்டு, ஒருவன் எதை வைத்தாலும் தட்டுவான். எனக்கு சோல்டரிங் அயர்ன் மட்டும் பிடிக்கத் தெரியும். சரி, நாமே செய்வோம் என்று இறங்கினோம்.

உடம்புக்கு ஏலத் தோட்டத்தில் வெட்டிய சில்வர் ஓக் பலகை, ரம்பப் பட்டறையில் கெஞ்சி வாங்கியது. கழுத்துக்குத் தேக்கு. தந்தி மட்டும் சென்னையிலிருந்து ஒருவன் வாங்கி வந்தான். நாலு தந்தியையும் முறுக்கிச் சுருதி சேர்த்துவிட்டுத் தூங்கினோம். காலையில் கழுத்து வில் மாதிரி வளைந்து நின்றது. 34 அங்குல நீளத்தில் நாலு பேஸ் தந்தியும் சேர்ந்து இழுக்கும் இழுப்பு ஏறக்குறைய 75 கிலோ. ராத்திரி முழுக்க ஒரு ஆள் அந்தக் கழுத்தில் தொங்கியதற்குச் சமம். அப்புறம்தான் கழுத்துக்குள் பள்ளம் வெட்டி ஒரு இரும்புப் பட்டையைப் புதைத்தோம். அமெரிக்காவில் நெட் ஸ்டெய்ன்பர்கர் என்பவர் 1980 வாக்கில் மரத்தையே விட்டுவிட்டு, கார்பன் இழையும் பிசினும் சேர்த்துத் தலையே இல்லாத பேஸ் செய்தார். வேறு சிலர் கழுத்துக்கு அலுமினியம் போட்டார்கள். அதெல்லாம் விசித்திரத்துக்காகச் செய்தது இல்லை, இந்த 75 கிலோவுக்குப் பதில் சொல்லச் செய்தது என்று அன்று காலை எங்களுக்குப் புரிந்தது.

அடுத்தது பிக்கப். இதுதான் உயிர். பலர் இதை மைக் என்று நினைக்கிறார்கள். இல்லை. காந்தப் பிக்கப்புக்குக் காது கிடையாது. நீங்கள் அதன் முன்னால் கத்தினாலும் அதற்குக் கேட்காது. ஒரு காந்தம், அதைச் சுற்றி ஒரு செம்புக் கம்பிச் சுருள், அவ்வளவுதான். காந்தம் தனக்கு மேலே இருக்கும் இரும்புத் தந்தியையும் கொஞ்சம் காந்தமாக்கி வைக்கிறது. தந்தி ஆடும்போது சுருள் வழியாகப் போகும் காந்தப்புலம் கூடிக் குறைகிறது. கூடிக் குறைந்தால் சுருளில் மின்னழுத்தம் பிறக்கும். 1831-ல் ஃபாரடே கண்டது, நாம் பன்னிரண்டாம் வகுப்பில் மனப்பாடம் செய்தது. பிக்கப் கேட்பது சத்தத்தை இல்லை; இரும்பின் அசைவை.

கடைப் பிக்கப்பில் தலைமுடி கனத்துக்கு, 0.06 மில்லிமீட்டர் கம்பியில் ஏறக்குறைய 10,000 சுற்று இருக்கும். அந்தக் கம்பிக்குப் போடியில் எங்கே போவது? பழைய ரிலே காயில்களைப் பிரித்துப் பார்த்தோம். முப்பது சுற்றுக்கு ஒரு தடவை அறுந்தது. கடைசியில் பஜாரில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருந்த ஒரு அண்ணனிடம் போய் நின்றோம். அவர் வாயில் வெற்றிலையோடு கேட்டுவிட்டு, "அம்புட்டு மெல்லிசு நம்மகிட்ட கிடையாதுப்பா. ஃபேன் கட்டுற 36-ஆம் கேஜ் தாரேன். அதுல எத்தனை சுத்து பிடிக்குமோ அத்தனை சுத்து" என்றார்.

36-ஆம் கேஜ் என்றால் 0.19 மில்லிமீட்டர். எங்கள் சட்டத்தில் 400 சுற்றுதான் பிடித்தது. 10,000 எங்கே, 400 எங்கே? சிக்னல் இருபத்தைந்தில் ஒரு பங்குதான் வரும். கிடார் ஆம்ப்ளிஃபயரில் போட்டிருந்தால் ஒன்றும் கேட்டிருக்காது. ஆனால் எங்களிடம் கிடார் ஆம்ப்ளிஃபயர் எங்கே இருந்தது? இருந்தது கல்யாண வீட்டு மைக் செட் ஆம்ப்ளிஃபயர், பழைய விலைக்கு வாங்கியது. அதன் மைக் வாய்க்குச் சில மில்லிவோல்ட் போதும். எங்கள் காயிலின் தடை 40 ஓமுக்குள். மைக்கைப் போல அதுவும் குறைந்த தடைக்காரன். செருகினோம். முதல் தந்தியை மீட்டியதும் அறைக் கண்ணாடி அதிர்ந்தது. வார்டன் ஓடி வந்தார்.

பின்னால் படித்தபோதுதான் தெரிந்தது, 1969-ல் கிப்சன் கம்பெனி வெளியிட்ட லெஸ் பால் பேஸில் இருந்ததும் இதே குறைந்த சுற்று வழிதான் என்று. இந்த வகைக்கு ஒரு பெரிய லாபம் உண்டு. 10,000 சுற்றுப் பிக்கப்பை நீளமான கேபிளில் இழுத்தால் மேல் ஒலிகள் வழியிலேயே தேய்ந்துவிடும். 400 சுற்றுக்காரனை மேடையிலிருந்து மைக் செட் பந்தல் வரை இழுத்தாலும் தேயாது. கம்பி கிடைக்காமல் செய்ததை நம் ஊர் மேடைக்கென்றே அளவெடுத்துத் தைத்தது போல ஆக்கியது அந்த வைண்டிங் அண்ணன் கொடுத்த கம்பிதான்.

பிக்கப்பை எங்கே வைப்பது என்று அடுத்த சண்டை. கழுத்துப் பக்கம் வைத்தால் அடி ஒலி தடிமனாக வரும். குதிரைப் பக்கம் வைத்தால் மேல் மடங்குகள் தூக்கலாக வரும். புத்தகங்களில் பார்த்த பேஸ்களில் பிக்கப் நடுவாந்திரத்தில் இருந்தது. நாங்கள் குதிரையை ஒட்டி வைத்தோம். காரணம், டீக்கடைக் கணக்கு. எங்கள் பேஸ் போய்ச் சேரப்போவது குழாய் ஸ்பீக்கருக்கு. அதில் அடி ஒலி எப்படியும் செத்துவிடும். மேல் மடங்கைக் கொடுத்தால் மீதியை ஜனங்களின் மூளை பார்த்துக்கொள்ளும்.

அடுத்த வில்லன் இரைச்சல். டியூப் லைட் எரிந்தால் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பேஸின் தடித்த தந்தியில் மூன்றாம் கட்டையை அழுத்தினால் வரும் ஸ்வரம் 49 ஹெர்ட்ஸ். இரண்டும் ஒன்றோடொன்று மோதி நொடிக்கு ஒரு தடவை அலை மாதிரி ஏறி இறங்கும். அமெரிக்காக்காரனுக்கு மின்சாரம் 60 என்பதால் இந்த ஸ்வரத்தில் அவன் தப்பித்தான். இதற்கு வழி இரண்டு காயில். ஒன்றை வலமாகவும் மற்றதை இடமாகவும் சுற்ற வேண்டும். காந்தத்தையும் ஒன்றில் வடக்கும் மற்றதில் தெற்கும் மேலே வருகிற மாதிரி திருப்ப வேண்டும். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் எதிரெதிராகப் பிறந்து அழிந்துவிடும். தந்தியின் ஒலி இரண்டு தடவை திருப்பப்படுவதால் கூடிவிடும். ஃபெண்டர் கம்பெனி 1951-ல் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸுக்கு 1957-ல் இப்படித்தான் பிக்கப்பை இரண்டாகப் பிளந்து வைத்தது. எங்கள் வைண்டிங் அண்ணன் ஃபெண்டர் பெயரே கேள்விப்பட்டதில்லை. "எதிர் எதிரா கட்டுனா சத்தம் அடங்கும்ல?" என்று அவராகவே கேட்டார்.

இந்த இடத்தில் இசை தெரிந்த தங்கைகளுக்கு ஒரு கேள்வி. இதே பிக்கப்பை வீணைக்கு மாட்டினால் என்ன ஆகும்? சாரணியும் பஞ்சமமும் எஃகு, நன்றாகக் கேட்கும். மந்தரமும் அனுமந்தரமும் பித்தளைத் தந்தியாக இருந்தால் ஊமையாகிவிடும். பித்தளையைக் காந்தம் கண்டுகொள்ளாது. அதனால்தான் வீணைக்காரர்கள் உடம்பில் ஒட்டும் கான்டாக்ட் மைக்கை நாடுகிறார்கள். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் இரட்டைத் தந்திகளை விட்டு ஒற்றைத் தந்தி ஐந்து போட்டு, மின்சார மாண்டலினில் கர்நாடக இசை வாசித்தார். எஃகுத் தந்தி என்பதால் அங்கே காந்தப் பிக்கப் ஒத்துழைத்தது.

பேஸ் உலகிலும் இதே சிக்கல் வந்தது. நரம்புத் தந்தி போட்டாலும் கேட்க வேண்டும் என்று ஆம்பெக் கம்பெனி 1966-ல் பிக்கப்பைத் தந்திக்குக் கீழே வைக்காமல் குதிரைக்கு அடியில் ஒளித்து வைத்தது. குதிரை ஒரு எஃகுத் தகட்டை அசைக்கும், பிக்கப் அந்தத் தகட்டின் அசைவை எடுத்துக்கொள்ளும். 1980-களின் நடுவில் வந்த ஆஷ்பரி பேஸ் இன்னும் வேடிக்கை. 18 அங்குல நீளம், ரப்பர் மாதிரி சிலிகோன் தந்தி, குதிரைக்கு அடியில் அழுத்தத்தை மின்சாரமாக்கும் பீசோ பிக்கப். விரல் ஒட்டாமல் இருக்கப் பவுடர் பூசிக்கொண்டு வாசிப்பார்களாம். தந்தியின் நிழலைப் பிடிக்கும் ஒளிப் பிக்கப்கூட வந்துவிட்டது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கேள்வி இருக்கிறது: எது அசைகிறது, அதை எப்படித் தெரிந்துகொள்வது?

பொட்டிபுரம் என்றால் இன்று வெளியூர்க்காரர்களுக்கு நியூட்ரினோதான் ஞாபகம் வரும். அந்த ஆய்வுக்கூடத்துக்கு 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது, ஊரில் எதிர்ப்பு எழுந்தது, 2022 பிப்ரவரியில் தமிழக அரசும் அனுமதிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தில் சொன்னது, கூடம் கட்டப்படவில்லை. அது வேண்டுமா வேண்டாமா என்று பேச இது மேடை இல்லை. ஆனால் அதன் சிறிய மாதிரி, 85 டன் காந்த இரும்போடு மதுரையில் இருக்கிறது. அந்த இரும்புத் தகடுகளுக்கு நடுவே உள்ள கண்ணாடி அறைகளில் ஒரு துகள் கடந்து போனால், கண்ணாடிக்கு வெளியே ஒட்டிய உலோகப் பட்டைகள் அந்தத் துடிப்பைத் தொடாமலே வாங்கிக்கொள்ளும். அந்தப் பட்டைகளுக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயரும் 'பிக்கப்'தான்.

எனக்குப் பொட்டிபுரம் என்றால் ஞாபகம் வருவது வேறு. இனிமேல் சொல்லப்போவதைச் சொல்லத்தான் இந்தக் கட்டையைத் தூக்கி வந்தேன்.

2011 சித்திரை. அங்கே கோயில் திருவிழாவில் எங்களுக்கு ஒரு மேடை கிடைத்தது. சாயங்காலம் கோடை மழை. வேன் மேல் கட்டி வந்த எங்கள் ஆம்ப்ளிஃபயர் தார்ப்பாய்க்குள்ளேயே நனைந்துவிட்டது. துடைத்து வைத்து, அதிலிருந்து ஒரு கேபிளை மைக் செட்டுக்காரர்களின் மிக்ஸருக்குக் கொடுத்தோம். கொடுத்த உடனே ஊரே நடுங்குகிற மாதிரி இரைச்சல். காயில் இரைச்சல் இல்லை, இது வேறு. எங்கள் ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு இடத்தில் எர்த், மிக்ஸருக்கு இன்னொரு இடத்தில் எர்த். நடுவே கேபிள் இரண்டையும் இணைத்து ஒரு வளையம் ஆகிவிட்டது. வளையத்தில் ஓடும் சிறு மின்னோட்டம்தான் அந்த இரைச்சல்.

வளையத்தை உடைத்தால் இரைச்சல் போகும் என்று எனக்குத் தெரியும். மூன்றாம் ஆண்டு மாணவன் அல்லவா! மூன்று பின் பிளக்கைத் திறந்தேன். பச்சை ஒயரைக் கழற்றினேன். இன்சுலேஷன் டேப் சுற்றி மூடினேன். இரைச்சல் சுவிட்ச் போட்டது மாதிரி நின்றது. கூட்டம் கை தட்டியது. அந்தக் கைதட்டல் எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் போட்ட கணக்கு இது: பச்சை ஒயர் இல்லாவிட்டால் என்ன, மிக்ஸருக்குப் போகும் கேபிளின் வெளி உறை வழியாக எர்த் கிடைக்கத்தானே செய்கிறது? கணக்கு சரி. அந்தக் கேபிள் இருக்கிற வரைக்கும் சரி.

மூன்றாவது பாட்டில் யாரோ கேபிளை மிதித்தார்கள். ஜாக் பிடுங்கிக்கொண்டது. பேஸ் சத்தம் நின்றது. இப்போது எங்கள் ஆம்ப்ளிஃபயருக்கு எர்த் எங்குமே இல்லை. உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் ஈரம். கசிந்த மின்சாரம் இரும்புப் பெட்டிக்கு வந்தது, பெட்டியிலிருந்து கேபிள் உறைக்கு, உறையிலிருந்து குதிரைக்கு, குதிரையிலிருந்து நாலு தந்திக்கும். தந்தியில் கை வைத்திருந்த நண்பன், "அண்ணே, பேஸ் வரல" என்று சொல்ல மைக் பக்கம் குனிந்தான். மைக்குக்கு நல்ல எர்த் இருந்தது. உதடு மைக்கில் பட்டது.

'அண்ணே' என்ற சொல்லே முடியவில்லை. விரல்கள் தந்தியைப் பற்றிக்கொண்டு விடவில்லை. கீபோர்டு வாசித்தவன் பிளக் போர்டையே ஒயரோடு பிடுங்கி எறிந்தான். அந்த ஒரு காரியம்தான் அவனைக் காப்பாற்றியது. ராத்திரியோடு ராத்திரியாகத் தேனிக்குக் கொண்டுபோனோம். வேனில் அவன் தலை என் மடியில் இருந்தது. அந்த வழியில் நான் வேண்டாத தெய்வம் இல்லை. மூன்று நாளில் எழுந்து உட்கார்ந்தான்.

அவன் இங்கே மூன்றாவது வரிசையில் நீலச் சட்டை போட்டு உட்கார்ந்திருக்கிறான். இதைச் சொல்லலாமா என்று காலையில் கேட்டேன். "சொல்றா, ஆனா மைக்கை மொதல்ல ஒரு டெஸ்டர் வச்சுப் பாத்துக்க" என்றான்.

எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் இருப்பதில்லை. 1972-ல் பிரிட்டனில் ஸ்வான்ஸி நகர மேடையில் லெஸ் ஹார்வி என்ற கிடார் கலைஞர், எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு, ரசிகர்கள் முன்னாலேயே இறந்துபோனார்.

ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு வைண்டிங் கடைக்குப் போனேன். அண்ணன் பிளக்கைத் திறந்தார். டேப் சுற்றிய பச்சை ஒயரைப் பார்த்தார். "இத எவன்டா கழட்டுனது?" என்று கேட்டார். நான்தான் என்றேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "சத்தம் வந்தா காதைத்தானய்யா கெடுக்கும்" என்றார். அவ்வளவுதான். இத்தனை வருஷத்தில் எந்த மேலதிகாரியும் என்னை இப்படிக் கண்டித்ததில்லை.

செய்திருக்க வேண்டியது ரொம்ப எளிது. ஆம்ப்ளிஃபயருக்கும் மிக்ஸருக்கும் ஒரே பிளக் போர்டிலிருந்து மின்சாரம் எடுத்திருக்கலாம்; வளையமே சுருங்கிவிடும். அப்படியும் இரைச்சல் இருந்தால், சிக்னல் கேபிளின் நடுவே ஒரு சின்ன ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் போட்டிருக்கலாம். பிக்கப் தந்தியைத் தொடாமல் கேட்பது மாதிரி, அது இரண்டு பக்கத்தையும் கம்பியால் இணைக்காமல் சிக்னலை மட்டும் கடத்திவிடும். வளையத்தை உடைக்க வேண்டிய இடம் சிக்னல் பாதை. மின்சாரப் பாதையின் எர்த்தில் ஒருநாளும் கை வைக்கக் கூடாது. மழையில் நனைந்த பெட்டியை அன்றைக்கு ஓட்டியிருக்கவே கூடாது. மேடை இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்று இருந்திருந்தால் அவன் உதடு பட்ட நொடியிலேயே விளக்கெல்லாம் அணைந்திருக்கும். ஜனங்கள் எங்களைத் திட்டியிருப்பார்கள். திட்டு வாங்கியிருக்கலாம்.

இன்றைக்கு என் வேலை, மின்சாதனங்களைச் சோதித்து, மனிதர் தொடலாம் என்று கையெழுத்துப் போடுவது. அந்த வேலைக்கு நான் எப்படி வந்தேன் என்று இனி நீங்கள் கேட்க மாட்டீர்கள்.

மாணவத் தம்பி தங்கைகளே, கடையில் கிடைக்காததைச் செய்யுங்கள். ஃபேன் கம்பியில் பிக்கப் கட்டுங்கள், சில்வர் ஓக்கில் கிடார் செய்யுங்கள். கையில் இருப்பதை வைத்து, கேட்கப்போகிறவர் யார் என்று பார்த்துச் செய்தால், புத்தகத்தில் இல்லாதது ஒன்று பிறக்கும். அதில் எனக்கு இன்றும் பெருமைதான். ஆனால் உங்கள் கெட்டிக்காரத்தனத்துக்குக் கை தட்டல் விழுகிற அந்த நிமிஷத்தில், எந்த ஒயரைக் கழற்றினோம் என்று ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். வேலை செய்யும்போது யார் கண்ணிலும் படாத ஒயர் அது. பேஸ் மாதிரிதான். மேலே இருப்பதையெல்லாம் அதுதான் தாங்குகிறது.

இந்தக் கிடாரை நம் கல்லூரி எலக்ட்ரானிக்ஸ் லேபுக்குக் கொடுத்துவிட்டுப் போகிறேன். கூடவே அந்தப் பழைய பிளக்கையும் தருகிறேன். பச்சை ஒயர் இப்போது அதன் இடத்தில் இருக்கிறது. இறுக்கி முடுக்கியிருக்கிறேன். திறந்து பார்த்துவிட்டு, மறுபடியும் முடுக்கி வையுங்கள்.

சாப்பாடு தயார் என்று செயலாளர் அண்ணன் கை காட்டுகிறார்.